ஹன்னா, அன்னா, அன்னாள்: ஒரு பெண் பெயரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹன்னா என்ற பெயருக்கு என்ன பொருள்?

கிருபை, தயவு, அருள். எபிரேய மொழியில் ஹெத், நூன், நூன் என்ற மூன்று மெய்யெழுத்துகளால் ஆன ஒரு வேர்ச்சொல் உண்டு. கேட்கத் தகுதி இல்லாதவருக்கும் மனமுவந்து காட்டும் தயவை அது குறிக்கும். அந்த வேரிலிருந்து பிறந்த பெண் பெயர்தான் ஹன்னா.

இதே வேர் எபிரேய மொழியில் இன்றும் உயிரோடு இருக்கிறது. 'ஹேன்' என்றால் தயவு, வசீகரம். 'ஹின்னாம்' என்றால் விலையின்றி, இலவசமாக. 'ஹனினா' என்பது இன்றைய இஸ்ரேலில் தண்டனைக் கைதிக்குக் குடியரசுத் தலைவர் வழங்கும் மன்னிப்பு. 'தஹனூன்' என்பது யூதர்கள் வார நாட்களில் சொல்லும் இறைஞ்சல் மன்றாட்டு. விலை கேட்காமல் கொடுப்பது என்ற ஒரே இழை இவை எல்லாவற்றிலும் ஓடுகிறது. பெயர் அகராதிகள் சிலவற்றில் 'அழகி', 'நளினமானவள்' என்று காணப்படுவது 'ஹேன்' என்ற சொல்லின் கிளைப்பொருள். அது தவறு இல்லை என்றாலும் முதற்பொருள் தயவுதான்.

பைபிளில் அந்தப் பொருள் சொல்லப்பட்டிருக்கிறதா?

நேரடியாக இல்லை. ஈசாக்கு, யாக்கோபு, சாமுவேல் ஆகியோருக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கதையே விளக்குகிறது. ஹன்னாவுக்கு அப்படி ஒரு விளக்கம் கிடையாது. ஆனால் மூல மொழியில் ஒரு நயம் ஒளிந்திருக்கிறது. ஆசாரியன் ஏலியிடம் விடைபெறும்போது, "உமது கண்களில் எனக்குத் தயவு கிடைக்கட்டும்" என்று அவள் சொல்கிறாள் (1 சாமுவேல் 1:18). தயவு என்ற இடத்தில் எபிரேயத்தில் இருப்பது 'ஹேன்'. ஹன்னா ஹேன் கேட்கிறாள். மூலத்தைக் காதால் கேட்டவர்களுக்கு அது உடனே பிடிபட்டிருக்கும்.

யார் இந்த ஹன்னா?

எபிரேய வேதத்தில் இந்தப் பெயர் ஒரே ஒரு பெண்ணுக்குத்தான் உண்டு. அவள் எப்பிராயீம் மலைநாட்டில் ராமதாயீம் என்ற ஊரில் வாழ்ந்த எல்க்கானாவின் மனைவி. பிற்காலத்தில் சவுலையும் தாவீதையும் அரசர்களாக அபிஷேகம் செய்த சாமுவேலின் தாய்.

எல்க்கானாவுக்கு இரண்டு மனைவிகள். பெனின்னாளுக்குப் பிள்ளைகள் இருந்தார்கள், ஹன்னாவுக்கு இல்லை. ஆண்டுதோறும் குடும்பம் சீலோவில் இருந்த ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் பெனின்னாள் அவளைக் குத்திக்காட்டுவாள். ஓர் ஆண்டு ஹன்னா சாப்பிடாமல் எழுந்து போய்த் தனியாக நின்று மன்றாடினாள். ஆண் குழந்தை பிறந்தால் அவனை வாழ்நாள் முழுதும் கடவுளுக்கே கொடுத்துவிடுவதாகவும், அவன் தலையில் சவரகன் கத்தி படாது என்றும் பொருத்தனை செய்தாள். உதடுகள் மட்டும் அசைந்தன, குரல் கேட்கவில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொண்டான். அவள் பணிவாக, ஆனால் தெளிவாக மறுத்தாள்: நான் குடிக்கவில்லை, என் இருதயத்தை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

பிள்ளை பிறந்தது. பால் மறந்த பிறகு அவனைச் சீலோவில் கொண்டுபோய் விட்டாள். ஒவ்வோர் ஆண்டும் ஒரு சின்னச் சட்டை தைத்துக்கொண்டு போய்க் கொடுத்தாள் என்று கதை சொல்கிறது (2:19). பிறகு அவளுக்கு மூன்று மகன்களும் இரண்டு மகள்களும் பிறந்தார்கள்.

அந்தச் சட்டையைப் பற்றிய ஒற்றை வரி இந்தக் கதையிலேயே மிகச் சிறந்த வரி என்பது எங்கள் கருத்து. ஓராண்டில் பிள்ளை எவ்வளவு வளர்ந்திருப்பான் என்பதை அவனைப் பார்க்காமலே மனத்தில் கணக்கிட்டுத்தான் அவள் அளவெடுத்திருக்க வேண்டும்.

யூத வழிபாட்டில் ஹன்னாவுக்கு ஏன் இவ்வளவு பெரிய இடம்?

அவள் மன்றாடிய விதமே பிற்காலத்து வழிபாட்டு விதியாக மாறியதால். ஆலயம் இருந்த காலத்தில் வழிபாடு என்றால் பலி. பலியிட ஆசாரியன் வேண்டும். ஆலயம் கி.பி. 70-ல் அழிந்த பிறகு பலியின் இடத்தில் சொற்கள் வந்தன. சொற்களால் எப்படி வழிபடுவது என்பதற்கு முன்மாதிரி தேடிய ரபிமார்கள் என்ற யூத மத ஆசான்கள், ஆசாரியனோ அரசனோ அல்லாத இந்தப் பெண்ணிடம் வந்து நின்றார்கள்.

அந்த ஆசான்களின் சட்ட விவாதங்களும் விளக்கங்களும் அடங்கிய பாபிலோனியத் தல்மூதில் பெராகோத் என்ற பகுதியின் 31-ஆம் ஏட்டில் ரவ் ஹம்னூனா அவளுடைய செயல்களிலிருந்து ஒவ்வொரு விதியாக எடுக்கிறார். அவள் தன் இருதயத்தில் பேசினாள், ஆகவே மன்றாடுகிறவர் மனத்தை ஒருமுகப்படுத்த வேண்டும். உதடுகள் அசைந்தன, ஆகவே மனத்துக்குள் நினைத்தால் மட்டும் போதாது, உதட்டால் உச்சரிக்க வேண்டும். குரல் கேட்கவில்லை, ஆகவே சத்தம் போடக் கூடாது. குடித்தவள் என்று ஏலி கடிந்துகொண்டதால், குடித்தவர் மன்றாடக் கூடாது. இன்று எந்த யூதத் தொழுகைக்கூடத்துக்குப் போனாலும் 'அமிதா' என்ற நின்று சொல்லும் மன்றாட்டின்போது உதடுகள் அசைவதையும் குரல் எழாததையும் காணலாம்.

அதே பகுதியில் ரபி எலெயாசார் இன்னொன்றும் சொல்கிறார்: உலகம் படைக்கப்பட்ட நாள்முதல் கடவுளைச் 'சேனைகளின் கர்த்தர்' என்று விளித்தவர் ஹன்னாவுக்கு முன் எவரும் இல்லை. தல்மூது எண்ணும் ஏழு பெண் தீர்க்கதரிசிகளில் அவளும் ஒருத்தி. மற்ற அறுவர் சாராள், மிரியாம், தெபொராள், அபிகாயில், உல்தாள், எஸ்தர்.

யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானாவின் முதல் நாளில் தீர்க்கதரிசிகளின் நூல்களிலிருந்து வாசிக்கப்படும் பகுதி ஹன்னாவின் கதைதான் (1 சாமுவேல் 1:1 முதல் 2:10 வரை). சாராள், ராகேல், ஹன்னா மூவரையும் கடவுள் நினைவுகூர்ந்த நாள் அது என்பது மரபு. அன்று நண்பகலுக்கு முன் சொல்லும் கூடுதல் தொழுகையில் ஒன்பது ஆசீர்வாதங்கள் இருப்பதற்கும், ஹன்னாவின் பாடலில் கடவுளின் பெயர் ஒன்பது முறை வருவதையே தல்மூது காரணமாகக் காட்டுகிறது.

ஹன்னாவும் அன்னாவும் ஒரே பெயரா? 'ஹ' எங்கே போனது?

ஒரே பெயர்தான். எபிரேய வேதம் கிரேக்கத்துக்குப் பெயர்க்கப்பட்டபோது தொண்டையிலிருந்து உரசி எழும் 'ஹெத்' ஒலிக்குக் கிரேக்கத்தில் எழுத்து இல்லை. எனவே 'அன்னா' என்று எழுதினார்கள். லத்தீன் அதையே எடுத்துக்கொண்டது. லத்தீன் வேதத்தில் சாமுவேலின் தாயும் அன்னா, குழந்தை இயேசுவை ஆலயத்தில் கண்டு புகழ்ந்த முதிய தீர்க்கதரிசியும் அன்னா. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மேற்கு ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் அறிந்த வடிவம் இது மட்டுமே. 'ஹ'வுடன் சொன்னவர்கள் யூதர்கள்.

16-ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு பழைய ஏற்பாட்டை எபிரேயத்திலிருந்தே பெயர்க்கத் தொடங்கியபோது 'ஹன்னா' கிறிஸ்தவ வீடுகளுக்குள் வந்தது. 1611-ல் வெளிவந்த ஆங்கில வேதத்தில் சாமுவேலின் தாய் ஹன்னா, லூக்கா நற்செய்தியில் வரும் முதியவள் அன்னா. ஆங்கிலத்தில் இரண்டும் வெவ்வேறு பெயர்கள் போலத் தோன்றுவதற்கு இதுவே காரணம்: முதலாவது எபிரேயத்திலிருந்தும் மற்றது கிரேக்கத்திலிருந்தும் வந்து சேர்ந்தன.

தமிழ் வேதத்தில் 'அன்னாள்' என்று இருக்கிறதே?

1871-இல் வெளிவந்த, சீர்திருத்தத் திருச்சபைகள் இன்றும் படிக்கும் மொழிபெயர்ப்பு, வேற்றுமொழிப் பெண் பெயர்களுக்குத் தமிழின் பெண்பால் விகுதியான '-ஆள்' சேர்த்தது. சாராள், ரெபெக்காள், லேயாள், மரியாள், மார்த்தாள் எல்லாம் அப்படி வந்தவை. இரண்டு ஏற்பாடுகளிலும் அன்னாள் என்றே இருப்பதால், ஆங்கில வாசகருக்குக் கிடைக்காத ஒற்றுமை தமிழ் வாசகருக்கு எளிதில் கிடைக்கிறது. 1995-ல் வந்த திருவிவிலியம் விகுதியை விட்டுவிட்டு, இரண்டு பெண்களையும் 'அன்னா' என்கிறது.

ஆகவே பழைய திருச்சபை ஆவணங்களில் அன்னாள், புதியவற்றில் அன்னா, பிறப்புச் சான்றிதழில் ஹன்னா என்று மூன்றும் ஒரே குடும்பத்தில் தென்படலாம்.

லூக்கா நற்செய்தியில் வரும் அன்னாள் யார்?

ஆசேர் கோத்திரத்தவள், பானுவேலின் மகள். திருமணமாகி ஏழு ஆண்டுகளில் கணவனை இழந்து, பிறகு எருசலேம் ஆலயத்தை விட்டு நீங்காமல் நோன்பிலும் மன்றாட்டிலும் வாழ்ந்தவள். 84 என்ற எண் அவளுடைய வயதா, கைம்பெண்ணாக வாழ்ந்த ஆண்டுகளா என்பதில் கிரேக்க மூலமே இரு பொருளுக்கு இடம் தருகிறது.

மரியாவின் தாய் புனித அன்னம்மாள் பைபிளில் உண்டா?

இல்லை. நான்கு நற்செய்திகளும் மரியாவின் பெற்றோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அன்னா, யோவாக்கிம் என்ற பெயர்கள் முதலில் கிடைப்பது 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த, யாக்கோபின் பெயரால் வழங்கும் ஒரு நற்செய்தியில். அது வேத நூல்களின் வரிசையில் சேர்க்கப்படாதது. அந்தக் கதை சாமுவேலின் தாயை முன்வைத்து எழுதப்பட்டது என்பது படித்தவுடன் தெரியும். பிள்ளையில்லாத தம்பதி, பிறர் இகழ்ச்சி, கண்ணீர் மன்றாட்டு, பிறக்கும் பிள்ளையை ஆலயத்துக்குக் கொடுப்பதாக வாக்கு, அதன்படி மூன்று வயதில் ஆலயத்தில் விடுதல். பெயரும் அங்கிருந்தே வந்தது.

வேத நூலுக்கு வெளியே பிறந்த இந்த அன்னம்மாள்தான் பெயரை உலகம் முழுக்கக் கொண்டுபோனார். 6-ஆம் நூற்றாண்டில் பேரரசர் யுஸ்தினியன் கான்ஸ்டான்டினோபிளில் அவருக்கு ஓர் ஆலயம் கட்டினார். எருசலேமில் சிங்க வாசலுக்கு அருகே 12-ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர்வீரர்கள் கட்டிய அவருடைய ஆலயம் இன்றும் நிற்கிறது. சலாவுதீன் காலத்தில் அது இஸ்லாமியக் கல்விக்கூடமாக இருந்தது. 1856-ல் உதுமானியச் சுல்தான் அதைப் பிரான்சுக்குக் கொடுத்தார். ஜூலை 26 திருநாளை 1584-ல் திருத்தந்தை பதின்மூன்றாம் கிரெகோரி உலகத் திருச்சபை முழுமைக்கும் விரிவுபடுத்தினார்.

சுரங்கத் தொழிலாளர்களும் அவரைத் தங்கள் பாதுகாவலியாகக் கொண்டார்கள். ஜெர்மனியின் சாக்சனியில் 1496-ல் தோன்றிய வெள்ளிச் சுரங்க நகரம் அன்னாபெர்க் என்று பெயர் பெற்றது இதனால்தான். 1505 ஜூலையில் ஸ்டாட்டர்ன்ஹைம் அருகே இடியில் சிக்கிய இளைஞர் மார்ட்டின் லூத்தர், "புனித அன்னாவே, உதவும்! நான் துறவியாகிறேன்" என்று கதறியதாக அறியப்படுகிறது. அவருடைய தந்தை சுரங்கத் தொழிலில் இருந்தவர் என்பதை நினைத்தால், அந்தக் கணத்தில் அந்தப் பெயர் வாயில் வந்தது இயல்பானதே.

இலங்கையில் கற்பிட்டித் தீபகற்பத்தில் உள்ள தலவில புனித அன்னம்மாள் ஆலயம் இந்த மரபின் கிளை. மார்ச்சிலும் ஜூலை–ஆகஸ்டிலும் நடக்கும் திருவிழாக்களுக்குத் தமிழரும் சிங்களவரும் பெருந்திரளாக வருகிறார்கள். பிரான்சின் பிரிட்டனியில் சான்த்-அன்-தோரே, கனடாவின் கியூபெக்கில் சான்த்-அன்-த-போப்ரே ஆகியவை அவருடைய மற்ற பெரிய திருத்தலங்கள்.

இஸ்லாமிய மரபில் இந்தப் பெயர் உண்டா?

உண்டு. குர்ஆனின் மூன்றாம் அத்தியாயம் (35 முதல் 37 வரையிலான வசனங்கள்) மர்யமின் தாயை 'இம்ரானின் மனைவி' என்று மட்டும் குறிப்பிடுகிறது. தன் வயிற்றில் உள்ளதை இறைவனுக்கு நேர்ந்துகொண்டதும், பெண் குழந்தை பிறந்ததும் அங்கே சொல்லப்படுகின்றன. விளக்க உரைகளின் மரபு அவருடைய பெயரை ஹன்னா என்கிறது. அரபியிலும் இதே வேர் உண்டு. 'ஹனான்' என்றால் கனிவு, பரிவு.

தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் வழங்கும் 'ஹனா' பல வேளைகளில் வேறு சொல். மகிழ்ச்சி, நிறைவு என்று பொருள்படும் அரபிச் சொல் அது. அதில் ஒற்றை 'ன'தான். அதன் 'ஹ' வேறு எழுத்து, வேரும் வேறு. பெயர் வைக்கும் முன் அரபி எழுத்தில் எழுதிப் பார்த்தால் குழப்பம் தீரும்.

ஆண்களுக்கும் இந்தப் பெயர் வருமா?

அரபு மொழி பேசும் கிறிஸ்தவர்களிடையே 'ஹன்னா' ஆண் பெயர். அது யோவானின் அரபி வடிவங்களில் ஒன்று. லெபனானிலோ சிரியாவிலோ ஹன்னா என்ற பெயரைப் பார்த்தவுடன் பெண் என்று முடிவு செய்ய வேண்டாம்.

இதில் வியப்பில்லை. யோகனான், அதாவது 'கர்த்தர் தயவு காட்டினார்' என்ற பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான். யோவான், ஜான், ஷான், இவான், யோஹான், ஜோவன்னா, ஜேன், ஜோன் எல்லாம் அதன் பிள்ளைகள். தானியேலின் நண்பன் அனனியாவும் இந்தக் குடும்பம். கார்த்தேஜின் தளபதி ஹனிபாலும் இதே வேர்தான், எபிரேயத்தின் உறவு மொழியான பினீசியத்தில் 'பாகால் என்ற தெய்வத்தின் தயவு'. தமிழ்க் கத்தோலிக்கர்கள் யோவானை 'அருளப்பர்' என்று வழங்கியது பொருளறிந்து செய்த பெயர்ப்பு. அப்படிப் பார்த்தால் அருளப்பனும் அன்னாவும் உடன்பிறப்புப் பெயர்கள்.

பிற மொழிகளில் என்னென்ன வடிவங்கள்?

பிரெஞ்சில் ஆன், அன்னெத், அனுக். ஸ்பானிய மொழியில் ஆனா, அனிதா. ரஷ்யனில் அன்னா, செல்லமாக ஆன்யா, அன்யூத்தா. ஸ்வீடனில் அன்னிகா. ஹங்கேரியில் அன்னா, அனிகோ. யித்திஷ் பேசும் யூதர்களிடம் கானே, கானெலே. கேரளத்தின் சிரியன் கிறிஸ்தவர்களிடம் அன்னம்மா. ஆங்கிலத்தில் நான்சியும் நீண்ட காலமாக ஆன் என்ற பெயரின் செல்ல வடிவமாக வழங்கியது. போலந்தில் அன்னாவும் ஹன்னாவும் தனித்தனிப் பெயர்களாகவே பதிவாகின்றன.

மரியான், அன்னெலீஸ், அன்னமரியா போன்றவை கூட்டுப் பெயர்கள். ஆன் பிராங்கின் முழுப்பெயர் அன்னெலீஸ் மரீ: அன்னா, எலிசபெத், மரியா என்று மூன்று எபிரேயப் பெயர்கள் அதில் அடங்கியுள்ளன.

சூசன்னா இந்தக் குடும்பம் அல்ல. அது 'ஷோஷன்னா' என்ற பூவின் பெயர். கடைசி அசை மட்டும்தான் ஒத்துப்போகிறது.

ஜப்பானிய 'ஹனா', தமிழ் 'அன்னை', 'அன்னம்' இவற்றோடு தொடர்பு?

எதனோடும் இல்லை. ஜப்பானிய ஹனா என்றால் பூ. கொரிய ஹனா என்றால் ஒன்று. பின்னிஷ் மொழியில் 'அன்னா' என்றால் 'கொடு'. அன்னை தமிழ்ச்சொல், சோற்றைக் குறிக்கும் அன்னம் வடசொல். ஒலி ஒற்றுமையை வைத்து எபிரேயத்தையும் தமிழையும் இணைக்கும் பட்டியல்கள் உலவுகின்றன. இந்தப் பெயருக்கு அவை செல்லாது, ஏனென்றால் அவை ஒப்பிடுவது 'ஹெத்' உதிர்ந்த பிந்தைய கிரேக்க வடிவத்தை.

எங்கள் பாட்டி பெயர் அன்னம்மாள். அது இந்தப் பெயர்தானா?

குடும்பத்தைப் பொறுத்தது. இந்துக் குடும்பங்களில் அன்னம்மாள் பெரும்பாலும் அன்னம், அன்னபூரணி, அன்னலட்சுமி வழி வந்த பெயர். கிறிஸ்தவக் குடும்பங்களில் புனித அன்னாவின் பெயர். எழுத்தில் வேறுபாடு தெரியாது. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பங்குக் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பழைய கத்தோலிக்கப் பதிவேடுகளில் லத்தீனில் 'அன்னா' என்று இருந்தால் ஐயம் தீர்ந்தது. மதம் மாறிய முதல் தலைமுறையில் ஏற்கெனவே அன்னம் என்று இருந்தவர் ஞானஸ்நானத்தில் அன்னா ஆகியிருக்கவும் கூடும். அப்போது இரண்டு பெயர்களும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கும்.

எபிரேயத்தில் எப்படி எழுதுவது? சங்கிலியில் பொறிக்க விரும்புகிறோம்.

மூன்றே எழுத்துகள், வலமிருந்து இடமாக: ஹெத், நூன், ஹே. உயிர்க்குறிகள் தேவைப்பட்டால் ஹெத்தின் கீழே ஒரு சிறு படுக்கைக் கோடு (பதாஹ்), நூனின் உள்ளே ஒரு புள்ளி (இரட்டிப்பைக் காட்டுவது), நூனின் கீழே சிறு டி வடிவக் குறி (கமாத்ஸ்). அணிகலனில் உயிர்க்குறிகள் இல்லாமல் இருப்பதே வழக்கம். சிறிய அளவில் அவை அழிந்துபோகும்.

இரண்டு தவறுகள் அடிக்கடி நேர்கின்றன. முதலாவது, ஹெத்தையும் ஹேயையும் மாற்றிவிடுவது. ஹெத்தின் இடது கால் மேற்கூரையோடு ஒட்டியிருக்கும். ஹேயில் அந்த இடத்தில் ஒரு சிறு இடைவெளி இருக்கும். முதல் எழுத்தில் அந்த இடைவெளி விழுந்துவிட்டால் சொல் 'ஹின்னே' ஆகிவிடும். 'இதோ' என்று அர்த்தம். இரண்டாவது, வலமிருந்து இடம் எழுதும் வசதி இல்லாத மென்பொருளில் எழுத்துகள் தலைகீழ் வரிசையில் வந்துவிடுவது. அப்போது கிடைக்கும் சொல்லுக்கு 'கீழே வை' என்று பொருள். இரண்டுமே உண்மையான எபிரேயச் சொற்கள் என்பதால் எழுத்துப் பிழை சரிபார்க்கும் கருவி எதுவும் காட்டாது. கடையில் கொடுக்கும் முன் எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புங்கள். மாதிரி வந்ததும் வலது ஓர எழுத்தின் இடது கால் மூடியிருக்கிறதா, இடது ஓர எழுத்தில் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

எப்படி உச்சரிப்பது?

எபிரேயத்தில் அழுத்தம் கடைசி அசையில்: ஹன்-னா, 'னா' ஓங்கி ஒலிக்கும். முதல் ஒலி நம் 'ஹ'வை விடக் கரகரப்பானது. 'அஃது', 'எஃகு' என்று சொல்லும்போது ஆய்தத்தில் எழும் தொண்டை உரசலை நினைத்துக்கொண்டால் நெருங்கிவரலாம். ஆங்கிலத்தில் அழுத்தம் முதல் அசைக்கு மாறுகிறது.

தமிழிலும் ஆங்கிலத்திலும் எந்த எழுத்துக்கூட்டலைத் தேர்வு செய்வது?

தமிழ்நாட்டில் இது வெறும் விருப்பம் சார்ந்த கேள்வி அல்ல. ஆங்கிலத்தில் ஏ, என், என், ஏ என்று எழுதினால் பள்ளியிலும் வங்கியிலும் அலுவலகத்திலும் அதை 'அண்ணா' என்றே படிப்பார்கள். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குத் தானாக மாற்றும் மென்பொருளும் அப்படியே செய்யக்கூடும். பெண் குழந்தையின் சான்றிதழில் அண்ணா என்று அச்சாகிவிட்டால் திருத்தம் செய்ய அலைய வேண்டும். முன்னும் பின்னும் எச் சேர்த்த ஆறெழுத்து வடிவம் இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. அதற்கு நேரான தமிழ் வடிவம் 'ஹன்னா'. கடைசி எச்சைப் பார்த்து 'ஹன்னாஹ்' என்று மென்பொருள் போட்டுவிடலாம், கவனித்து நீக்க வேண்டும். கிரந்த எழுத்து வேண்டாம் என்பவர்கள் 'அன்னா' அல்லது 'அன்னாள்' என்று வைக்கலாம். ஆனால் தமிழில் அன்னா, ஆங்கிலத்தில் ஹன்னா என்று இரண்டாகப் பிரிக்காமல் இருப்பது நல்லது.

இந்தியாவில் பிறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலும் பதிவு செய்யலாம். பிறகு 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் பெயரைச் சேர்க்கலாம். ஆகவே அவசரம் இல்லை. பதிவாளரிடம் போகும்போது இரண்டு மொழிகளிலும் பெயரைத் தெளிவாக எழுதிய தாளைக் கொடுத்து, அச்சிடும் முன் திரையில் சரிபாருங்கள். ஆதார், பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு எல்லாம் பிறகு அந்த ஓர் ஆவணத்தையே பின்பற்றும்.

யூதக் குடும்பத்தில் இந்தப் பெயரை எப்படி வைப்பார்கள்?

பெண் குழந்தை பிறந்த பிறகு தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) வாசிக்கப்படும் ஒரு நாளில், தந்தை தொழுகைக்கூடத்தில் தோராவின் முன் அழைக்கப்படுவார். அங்கே தாய்க்கும் சேய்க்கும் ஆசி கூறும்போது பெயர் அறிவிக்கப்படும். 'ஹன்னா, இன்னாரின் மகள்' என்பதே வழிபாட்டுப் பெயரின் வடிவம். நோயுற்றால் மன்றாடும்போது தந்தையின் பெயருக்குப் பதில் தாயின் பெயர் சேரும். மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபினரான அஷ்கெனாசி யூதர்கள் மறைந்த உறவினர் பெயரையே வைப்பார்கள், உயிரோடு இருப்பவர் பெயரைத் தவிர்ப்பார்கள். ஸ்பெயின், போர்ச்சுகல் மரபினரான செபார்தி யூதர்கள் உயிரோடு இருக்கும் தாத்தா, பாட்டி பெயரை மகிழ்ச்சியோடு வைப்பார்கள். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் வழக்கத்துக்கு இது நெருக்கமானது.

பெயரின் மூன்று எழுத்துகளையும் பெண்களுக்குரிய மூன்று கட்டளைகளின் முதலெழுத்துகளாகவும் யூத மரபு வாசிக்கிறது. ஹெத், ஹல்லா என்ற மாவில் ஒரு பங்கு பிரித்து வைப்பது. நூன், நித்தா என்ற மாதவிலக்கு கால ஒழுங்கு. ஹே, ஹத்லகா என்ற ஓய்வுநாள் விளக்கேற்றுவது.

இந்தப் பெயர் தாங்கிய சிலரைச் சொல்ல முடியுமா?

பைசாந்தியப் பேரரசரின் மகள் அன்னா கொம்னேனா (பிறப்பு 1083) தன் தந்தையின் ஆட்சி வரலாற்றை எழுதினார். இங்கிலாந்தை 1702 முதல் 1714 வரை ஆண்டவர் அரசி ஆன். தத்துவ அறிஞர் ஹன்னா அரெண்ட் (1906–1975) பிறந்தபோது வைத்த பெயர் யோஹன்னா. ஹங்கேரியில் அன்னாவாகப் பிறந்த கவிஞர் ஹன்னா செனெஷ் (1921–1944) 1939-ல் பாலஸ்தீனத்துக்குக் குடியேறி, எபிரேய வடிவத்தைத் தன் பெயராக்கிக்கொண்டார். போர்க்காலத்தில் வான்குடையில் குதித்து நாஜிகளுக்கு எதிராகப் பணியாற்றச் சென்று, புடாபெஸ்டில் சுட்டுக்கொல்லப்பட்டார்.

இந்தியாவில், கேரளத்தின் அன்னா சாண்டி 1937-ல் திருவிதாங்கூரில் முன்சீப்பாகி, 1959-ல் உயர் நீதிமன்ற நீதிபதியானார். இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்த முதல் பெண்களில் ஒருவரான அன்னா ராஜம் (பின்னாளில் மல்ஹோத்ரா) 1951-ஆம் ஆண்டுத் தொகுதியைச் சேர்ந்தவர். சென்னை மாகாணத்தைத் தேர்ந்தெடுத்து ஓசூரில் துணை ஆட்சியராகப் பணியாற்றினார்.

பெயர் பரவலாக இருக்கிறதா?

அமெரிக்காவில் 1880-ல் பெண் குழந்தைகளின் பெயர்களில் மேரிக்கு அடுத்த இடம் அன்னாவுக்கு. 1998, 1999, 2000 ஆண்டுகளில் ஹன்னா இரண்டாம் இடத்தில் இருந்தது. ஒரே பெயரின் இரு வடிவங்கள் ஒரு நூற்றாண்டு இடைவெளியில் அதே இடத்தைப் பிடித்தன. வெளிநாட்டில் வளரும் குழந்தைக்கு வைத்தால் வகுப்பில் இன்னொரு ஹன்னா இருக்கலாம், அதற்கு ஆயத்தமாக இருங்கள்.

எண் கணிதப்படி எழுத்துகளைக் கூட்டலாமா?

எபிரேய எழுத்துகளுக்கு மரபான எண்மதிப்பு உண்டு: ஹெத் 8, நூன் 50, ஹே 5, மொத்தம் 63. ஆங்கில எழுத்துகளை வைத்துப் பார்க்கும் நம் ஊர் எண் கணிதத்துக்கும் இதற்கும் தொடர்பு கிடையாது. அதற்காகக் கூடுதல் ஏயோ என்னோ சேர்த்தால் பெயர் எந்த மொழியிலும் இல்லாத வடிவமாகி, ஆவணங்களில் பொருந்தாமல் நிற்கும். நாங்கள் பரிந்துரைப்பதில்லை.

எபிரேயப் பெயர் வேண்டாம், அதே பொருளில் தமிழ்ப் பெயர் வேண்டும். என்ன வைக்கலாம்?

அருள்மொழி, அருட்செல்வி, திருவருள் ஆகியவை நேரான பொருள் தருபவை. கிருபா, கிருபாவதி வடசொல் வழி வந்தவை. சீர்திருத்தத் திருச்சபைக் குடும்பங்களில் கிருபை என்பதும், கத்தோலிக்கக் குடும்பங்களில் அருள்மேரி என்பதும் நெடுநாளாக வழங்குகின்றன. ஞானஸ்நானப் பெயர் அன்னா, வீட்டில் அழைக்கும் பெயர் அருள் என்று இரண்டையும் வைத்துக்கொண்டால் இரண்டுக்கும் பொருள் ஒன்றே. சான்றிதழில் மட்டும் எது முதற்பெயர் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.